பலகை மிஸ்

அந்த நேரத்தில் மாநிலம் முழுக்கப் பத்தாயிரத்துச் சொச்சம் பள்ளிக்கூடங்களில் ஜெயராக்கினி டீச்சர் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். வெள்ளூரணி அரசு மேல்நிலைப் பள்ளியில் மட்டும் கூடுதலாக ஒரு ஜெயராக்கினி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் மாட்டிய திரைப் பலகையில் நின்றவளுக்கு வயது முப்பத்தாறு. கடுகு நிறச் சேலை, நெற்றியில் முன்மயிர் நரைக்காத காலம், சிரித்தால் கன்னத்தில் குழி. பெஞ்சில் இருந்தவளுக்கு அந்தக் குழி எப்போதோ தூர்ந்துபோய்விட்டது. படி ஏறினால் முழங்கால் கேள்வி கேட்டது. ஆனால் குரல் ஒன்றுதான். பலகையில் இருந்தவள், கரைசலை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டைத் தூக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினாள்.

“என்ன பாக்கீங்க? எளநி குடிச்சது இல்லயா? ஸ்ட்ரா வச்சு உறிஞ்சுத மாதிரி மெதுவா உறிஞ்சணும். கோட்டுக்கு மேல வந்ததும் விரலால மூடிரணும். பயந்தா கெமிஸ்ட்ரி வராது, கேட்டியளா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்பது வருஷமாக அதே இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

வேதியியல் ஆசிரியர் பணியிடங்கள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த காலத்தில் ஆரம்பித்ததுதான் உறுதுணைத் திட்டம். நல்ல ஆசிரியர் ஒருவரைப் பிடி, ஒரு வருஷம் முழுக்க அவர் பேசுவது, கையை ஆட்டுவது, கேட்ட கேள்விக்குச் சொல்லும் பதில், அடிக்கும் ஜோக், பிள்ளை அழுதால் சமாதானப்படுத்தும் விதம் எல்லாவற்றையும் கருவிகளால் உறிஞ்சி எடு, அப்புறம் அவரைப் போலவே தானாக யோசித்துப் பேசும் ஓர் உருவத்தைச் செய்து ஊர் ஊருக்கு நிறுத்து. வரலாறு படித்தவரோ, விளையாட்டு ஆசிரியரோ யார் வேண்டுமானாலும் வகுப்பில் காவல் இருந்தால் போதும், பாடத்தைப் பலகை பார்த்துக்கொள்ளும். ஜெயராக்கினியைத் தேர்ந்தெடுத்தபோது அவளுடைய புகுந்த வீட்டில் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷம் தலையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அவள் பாடம் நடத்தினாள். அந்த வருஷம் அவள் வகுப்பில் எல்லாரும் தேறினார்கள், பலர் முழு மதிப்பெண். பலகை வந்த பிறகு பிள்ளைகள் அந்த உருவத்துக்குப் ‘பலகை மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இவளுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. ‘இன்னொரு மிஸ்’ என்றார்கள்.

அதற்கெல்லாம் அவள் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளூரப் பெருமைதான். போன மாதம் இசக்கிக்கு அப்படி நடக்கும்வரை.

இசக்கி பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. அம்மா செல்லத்தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அன்று ஜெயராக்கினி வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தாள். நாட்டில் எந்த வேலைக்கு ஆள் இல்லாவிட்டாலும் வாத்தியார்தானே கிடைப்பார். ஆய்வகத்தில் காவலுக்கு விளையாட்டு ஆசிரியர் இருந்தார். மேசையில் இரண்டு பீக்கர்கள், இரண்டிலும் நிறமில்லாத தண்ணீர் மாதிரி ஒன்று. ஒன்றில் பிப்பெட்டால் எடுக்க வேண்டிய கரைசல், மற்றதில் நீர்க்க வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த கந்தக அமிலம். ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை வழிந்த அமிலம் தின்றுவிட்டது. பலகை மிஸ் ‘உறிஞ்சு’ என்றாள். இசக்கி உறிஞ்சினாள்.

ஆஸ்பத்திரியில் செல்லத்தாய் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

“பிள்ளைக்குத் தொண்டை வெந்து போச்சு டீச்சர். பேச மாட்டாம எழுதிக் காட்டுதா. ‘மிஸ் சத்தத்தக் கேட்டுத்தாம்மா உறிஞ்சினேன்’னு எழுதுதா. ஒங்க சத்தந்தான டீச்சர் அது?”

‘நான் அங்கே இல்லை’ என்று ஜெயராக்கினி சொல்லலாம். அது உண்மைதான். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று சொல்ல முடியாது.

இசக்கி பிழைத்துக்கொண்டாள். கஞ்சி இறங்கியது, குரல் மட்டும் காற்றாக வந்தது. விசாரணை நடந்தது. சீட்டு அழிந்துபோன பீக்கரின் மேல் குற்றம் என்று முடிந்தது. பாவம், பீக்கர் மறுத்துப் பேசவில்லை. பிப்பெட்டை வாயால் உறிஞ்சுவது அங்கீகரிக்கப்பட்ட முறைதான் என்று தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஜெயராக்கினி அப்போது முடிவுசெய்தாள். பொதுத் தேர்வின் பிராக்டிகல் தொடங்குவதற்குள் பலகை மிஸ் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கிவிட வேண்டும். பிராக்டிகல் என்றால் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே வாரத்தில் உறிஞ்சுவார்கள்.

உறுதுணை மையத்துக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. உதவி என்று கேட்டு அங்கே இல்லை என்று சொன்ன வழக்கமே கிடையாது. ‘ஆய்வகத்தில் தன்னம்பிக்கை’ என்றொரு காணொளி வந்தது. அதில் பேசியதும் அவளேதான். மறுபடி சொல்லி அனுப்பினாள். மூச்சுப் பயிற்சி வந்தது, பின்னணியில் புல்லாங்குழலோடு. மூன்றாம் தடவை கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே பிப்பெட்டின் தலையில் மாட்டி அமுக்கி உறிஞ்சும் சிவப்பு ரப்பர் பல்ப், ஒன்றே ஒன்று.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இதுதானே வேண்டும்! வாயே வேண்டாம். தலைமையாசிரியர் கோமதிநாயகத்திடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் அதைக் கையில் வாங்கி, அமுக்கிப் பார்த்து, மகிழ்ந்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“சார், அது பிள்ளைகளுக்கு வந்தது.”

“இல்லன்னு யாரு சொன்னா? ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு டீச்சர். நாப்பது பிள்ளைக கையில போனா ஒரே நாள்ல கிழிஞ்சிரும். ஆடிட்டுல ‘பல்ப் எங்க’ன்னு கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்? பத்திரமா இருக்கட்டும்.”

“பத்திரமா இருக்க வேண்டியது பிள்ளைகள்லா சார்?”

“நீங்க சொல்லுதது நியாயம்தான்,” என்றார் அவர். கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் நியாயம்தான் என்பார், அப்புறம் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அந்தப் பீரோவில் பத்து வருஷத்துக்கு முன் வந்த பாதுகாப்புக் கண்ணாடிகளும் உறை பிரிக்காமல் பத்திரமாக இருந்தன.

அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரே மையத்துக்கே போனாள்.

குளிரூட்டிய கட்டடம். வரவேற்பில் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். பிரதீபன் என்று பெயர், பாடப்பிரிவு அதிகாரி. வந்த வேகத்தில் குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டான்.

“மிஸ்! நிஜமாவே நீங்களா? எங்க ஊர்ல கெமிஸ்ட்ரி டீச்சரே கிடையாது மிஸ். ரெண்டு வருஷமும் பலகையிலதான் படிச்சேன். நீங்க இல்லைன்னா நான் மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஜெயராக்கினிக்கு உடம்பு லேசானது. வந்த காரியம் முடிந்துவிடும் என்றே நினைத்தாள். இசக்கியின் கதையைச் சொன்னாள். அவன் முகம் வாடியது. நிஜமாகவே வாடியது.

“அந்த ஒரு வரியை எடுத்துருங்க தம்பி. அவ்வளவுதான். ‘வாயால உறிஞ்சாதே’ன்னு நான் பேசித் தாரேன், பதிவு பண்ணிக்கோங்க.”

“அது முடியாதே மிஸ்.” தயங்கித் தயங்கிச் சொன்னான். “அங்கீகாரம் வாங்கினது அந்த வருஷத்து நீங்க. அந்த வருஷத்து ரிசல்ட்டை வெச்சுத்தான் அங்கீகாரமே. இப்போ இருக்கற நீங்க, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேர்ல ரிசல்ட் எதுவும் இல்லை. பாடம் பலகைதானே நடத்துது.”

“சரி, பல்பாவது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வாங்கிக் குடுங்க. பிள்ளைக்கு ஒண்ணு.”

“பாட நிபுணர் ‘அவசியம்’னு சொன்னா வாங்கிடுவாங்க மிஸ். பணமெல்லாம் பிரச்சினையே இல்லை. ஆனா அவங்க அவசியமில்லைன்னு சொல்லிட்டாங்க. எங்கேயும் பல்ப் இல்லாமலே பிராக்டிகல் நல்லாத்தானே நடக்குதுன்னு.”

“யாரு அந்த நிபுணர்? நான் அவங்ககிட்டப் பேசுதேன். இருந்தா பாத்துட்டே போறேன்.”

பிரதீபன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். “உங்களுக்குத் தெரியாதா மிஸ்? உங்க ஸ்கூல்ல இருந்து வந்த கோரிக்கைக்கெல்லாம் பதில் போட்டதே அவங்கதானே,” என்று சொல்லிக்கொண்டே ஓர் அறைக் கதவைத் திறந்தான்.

சின்ன அறை. ஒரு நாற்காலி, எதிரே ஒரு பலகை. அதில் கடுகு நிறச் சேலை.

“வாங்க டீச்சர், உக்காருங்க. எந்த ஸ்கூல்?” என்றது அவளுடைய குரல்.

ஜெயராக்கினி உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வெள்ளூரணி. நான் ஜெயராக்கினி. நான்தான் நீ.”

பலகை மிஸ் வாய்விட்டுச் சிரித்தாள், குழி விழ. “வாரவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க. ‘மிஸ், ஒங்களக் கேட்டுக் கேட்டு ஒங்கள மாதிரியே ஆயிட்டேன்’னு. சந்தோசம். சொல்லுங்க.”

சொன்னாள். இசக்கியைச் சொன்னாள், செல்லத்தாயைச் சொன்னாள், வாயால் உறிஞ்சக்கூடாது என்றாள். பலகை மிஸ் குறுக்கே பேசாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாள். அப்படித்தான் கேட்பாள் என்பது ஜெயராக்கினிக்குத் தெரியும். அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பதும் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

“நான் பதிமூணு வருசமா உறிஞ்சுதேன் டீச்சர். எம் பிள்ளைகளும் உறிஞ்சுது. ஒரு பிள்ளைக்கு ஒண்ணும் ஆவல.”

“ஆயிருக்கு! இப்ப ஆயிருக்கு!”

“அது பீக்கர் மாறினதால வந்தது. முறை தப்புன்னு எப்படிச் சொல்லுவிய?”

“ரப்பர் பல்ப் வச்சிருந்தா பீக்கர் மாறினாலும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதே.”

“வாஸ்தவம். எத்தன பள்ளிக்கூடத்துல பல்ப் இருக்கு? சொல்லுங்க.” பலகை மிஸ் முன்னால் குனிந்தாள். “இல்லாத சாமான வச்சுத்தான் செய்யணும்னு நான் சொன்னா என்ன நடக்கும்? பிராக்டிகல நிறுத்திருவாங்க. பிள்ளைக கண்ணாடிச் சாமானக் கையால தொடாமலே பாசாகிப் போவும். ஏழைப் பிள்ளைக்கு அது ஒண்ணுதான் டீச்சர் கெமிஸ்ட்ரி. அதயும் புடுங்கச் சொல்லுதீங்களா?”

இந்த வாதத்தை ஜெயராக்கினிதான் ஒரு காலத்தில் ஆசிரியர் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினாள். கைதட்டினார்கள். அன்றைக்கு அது சரியான வாதமும்கூட. யாராவது நரைத்த தலையோடு வந்து அன்றைய தன்னிடம் அழுதிருந்தால் இப்படித்தான், இதே அன்போடு, ஒரு வார்த்தைகூடக் காதில் ஏற்றிக்கொள்ளாமல் அனுப்பியிருப்பாள்.

“பல்ப் அவசியம்னு நீ சொன்னா வாங்குவாங்களாம். ஒரு வார்த்தை சொல்லேன்.”

“இருந்தா நல்லதுதான். அவசியமான்னு கேட்டா, பொய் சொல்ல முடியுமா? அது இல்லாமத்தான நான் நடத்துதேன்?”

“அந்தப் பிள்ளைக்குச் சத்தமே வர மாட்டேங்கு,” என்றாள் ஜெயராக்கினி. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். மானம் மரியாதை பார்க்காமல், விக்கி விக்கி அழுதாள்.

பலகை மிஸ், பயந்துபோன பிள்ளைகளிடம் மட்டும் வரும் தணிந்த குரலில், “டீச்சர், ரொம்பக் களச்சுப் போயிருக்கீங்க. நீங்க தனியாக் கெடந்து கஷ்டப்பட வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஜெயராக்கினிக்கு ஆறுதலாக இருந்தது. அது யார் குரல் என்று நினைவு வரும்வரை இருந்தது.

வெளியே வந்ததும் பிரதீபன், தயங்கிக்கொண்டே, ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எடுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

பிராக்டிகல் தொடங்கிய அன்று காலை ஆய்வக வாசலில் இசக்கி நின்றாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. இந்த முறை விட்டால் நர்சிங் சேர ஒரு வருஷம் போய்விடும் என்று செல்லத்தாய்தான் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள்.

“மிஸ்,” என்றாள் இசக்கி. காற்றுதான் வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. “வாயாலதான் உறிஞ்சணுமா?”

“வேண்டாம்மா. நீ வாய வைக்கவே வேண்டாம். நான் பல்ப் கொண்டாரேன். நான் வார வரைக்கும் எதயும் தொடாத.”

“மார்க்கு கொறச்சிருவாங்களாம் மிஸ். பலகை மிஸ் செய்யுத மாதிரியே செஞ்சாத்தான் பலகையில உள்ள கேமரா மார்க்கு போடுமாம்.”

“கொறச்சா கொறஞ்சிட்டுப் போவுது. நான் வாரேன், இரு.”

முழங்கால் வலியைப் பார்க்காமல் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். அங்கே ஆசிரியர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். சுவரில் பலகை ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு நாள் காலையில் உறுதுணை மையம் ஆசிரியர்களுக்கு ஏதாவது ஒரு புதிய உதவிப் பாடம் அனுப்புவது வழக்கம். இன்றைய பாடத்தின் தலைப்பு ‘அஞ்சும் சக ஆசிரியருக்கு ஆதரவு’.

பலகையில் பலகை மிஸ் பேசிக்கொண்டிருந்தாள். “போன வாரம் எங்கிட்ட ஒரு மூத்த டீச்சர் வந்தாங்க. நல்லவங்க. ஒரு விபத்தப் பாத்துப் பயந்துட்டாங்க.” பக்கத்தில் ஒரு படம் ஓடியது. முகத்தை மறைத்திருந்தார்கள். நாற்காலியில் ஒருத்தி விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். சேலையை மறைக்கவில்லை. அதே சேலையைத்தான் ஜெயராக்கினி இன்றும் கட்டியிருந்தாள். “இப்படிப்பட்டவங்கள நாம ஏசக் கூடாது. அவங்க சொல்லுதத மறுத்தும் பேசக் கூடாது. அன்பாக் கூட்டிட்டுப் போய் வெளிய உக்கார வைங்க. குடிக்க ஏதாவது குடுங்க. ஆய்வகத்துக்குள்ள மட்டும் அன்னிக்கு விட வேண்டாம். பயம் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும்.”

எல்லாரும் திரும்பி வாசலில் நின்றவளைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தில்கூடக் கேலி இல்லை. விளையாட்டு ஆசிரியருக்குக் கண் கலங்கியிருந்தது.

“சார், பீரோ சாவி,” என்றாள் ஜெயராக்கினி. “அந்தப் பல்ப குடுங்க. ஒரு பிள்ளைக்கு மட்டும் சார். இசக்கிக்கு மட்டும்.”

“குடுத்திருவோம் டீச்சர், குடுத்திருவோம்.” கோமதிநாயகம் எழுந்து வந்து அவள் முழங்கையை மெதுவாகப் பிடித்தார். “நீங்க சொல்லுதது எல்லாம் நியாயம்தான். மொதல்ல வாங்க, காத்தாட உக்காருங்க.”

“சார், மணி அடிச்சிரும். அது அங்க தனியா நிக்கி.”

“நிக்கட்டும், நிக்கட்டும். வாங்க.”

இந்தப் பக்கம் ஒரு டீச்சர் கையைக் கோத்துக்கொண்டாள். உதறிவிட்டு ஓடலாம்தான். ஓடினால் அதுவும் பயத்தின் அறிகுறி என்று பாடத்தில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பக்குவமாக நடத்திக்கொண்டுபோய், ஆய்வகத்துக்கு எதிரே வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யாரோ கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்தார்கள். ஆய்வகக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியே பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. கழுத்தில் துணி சுற்றிய தலை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மணி அடித்தது. உள்ளேயிருந்து அவளுடைய குரல், “எல்லாரும் பிப்பெட்ட எடுத்துக்கோங்க,” என்றது.

“இசக்கி!” என்று ஜெயராக்கினி கத்தினாள். அடைத்த கதவைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தது. ஆனால் மிஸ் குரல் எங்கேயிருந்து வரும் என்று அதற்குப் பழக்கம் இருந்தது. வாசலைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தது. பலகையில் மிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிப்பெட்டை எடுத்தது.

ஜெயராக்கினி எழுந்திருக்கப் பார்த்தாள். கோமதிநாயகம் அவள் தோளில் கையை வைத்து, பெற்ற தகப்பன் மாதிரி மெல்ல அமுக்கினார்.

“எதுக்கு டீச்சர் இந்தத் துடி துடிக்கீங்க? உள்ள நிக்கதும் நீங்கதான? பொறவு என்ன கவல? காப்பியக் குடிங்க, ஆறிரப்போவுது.”